தூண்டில்காரங்க எழுதிவச்ச கணக்கு

போன மார்கழியில தோட்டத்துக்கு ஒரு தம்பி வந்திருந்தாரு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. என் தங்கச்சி மகனுக்குக் கூட்டாளி. வந்தவரு பையிலிருந்து நாலு துண்டா ஒரு குச்சியை எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, மஞ்சக் கலர்ல தடிமனா ஒரு நரம்பை மாட்டி, நுனியில ஈ மாதிரி இருந்த ஒண்ணைக் கட்டினாரு. மண்புழு இல்லை, மைதா உருண்டை இல்லை. கோழி இறகையும் நூலையும் முள்ளு மேல சுத்தினது. அதுக்குப் பேரு ஃப்ளை.

சாயந்திரம் ரெண்டு மணி நேரம் வாய்க்கால் கரையில நின்னு நரம்பை முன்னாலயும் பின்னாலயும் வீசிக்கிட்டே இருந்தாரு. எங்கம்மா திண்ணையில உக்காந்து பாத்துட்டு, "ஏஞ்சாமி, இத்தனை நேரம் சாட்டை வீசுனதுக்கு ரெண்டு எருமையவாச்சும் ஓட்டியிருக்கலாம்"னு சொன்னாங்க. அவரு சிரிச்சாரு. கோவிச்சுக்கல.

கடைசியில ஒரு மீன் மாட்டுச்சு. உள்ளங்கை அகலம். அதைக் கையில கூட சரியா எடுக்காம, தண்ணிக்குள்ளயே வச்சு முள்ளைக் கழட்டிட்டு, "அங்கிள், இது நேட்டிவ் மீன்தானே?"ன்னு கேட்டாரு.

"இல்லீங்க தம்பி, ஜிலேபி"ன்னேன். ஜிலேபிக் கெண்டைக்கு சொந்த ஊரு ஆப்பிரிக்கா. 1952ல நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தது. இன்னிக்கு எந்தக் குளத்துல வலை போட்டாலும் அதுதான் முதல்ல வரும். அவரு முகம் தொங்கிப்போச்சு. "அப்ப இந்த ஆத்துக்குன்னு சொந்த மீன் எங்க இருக்கு? கூட்டிட்டுப் போய்க் காட்ட கைடு யாராச்சும் இருக்காங்களா?"ன்னாரு.

அதுக்கு என்னால உடனே பதில் சொல்ல முடியல. ராத்திரி எல்லாம் யோசிச்சதும், அப்புறம் படிச்சதும், ரெண்டு மூணு பேரைத் தேடிப்போய்க் கேட்டதும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா இருக்கும். பொறுத்துக்குங்க.

முதல்ல அந்த சாட்டை விசயத்தைச் சொல்லிடறேன். நாம போடற தூண்டில்ல முள்ளும் இரையும் ஈயக்குண்டும்தான் கனம். அதை வீசினா நரம்பு பின்னாடியே போகும். ஃப்ளையில இது தலைகீழ். முள்ளுல இருக்கறது இறகு. அதுக்குக் கனமே இல்லை. நரம்புதான் கனம். நரம்பை வீசினா இறகு அது கூடப் போய், நிஜப் பூச்சி விழுந்த மாதிரி தண்ணி மேல உக்காரும். மேல விழற பூச்சியைப் பாத்துத் தாவற மீனுக்காக வெள்ளைக்காரங்க கண்டுபிடிச்சது. அவங்க ஊர்ல அது டிரவுட்டுக்கும் சால்மனுக்கும். இங்க வந்த துரைமாருக்கு அந்த ரெண்டும் இல்லாததுதான் பெரிய குறை.

அந்தக் குறையைத் தீர்க்க அவங்க ரெண்டு வழியில போனாங்க. ஒரு வழி, இங்கிலாந்து மீனை இங்க கொண்டு வர்றது. 1860கள்லயே பிரான்சிஸ் டே டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டு வரப் பாத்தாரு. இவரு ராணுவ மருத்துவரு. இந்திய மீன்களைப் பத்திப் பின்னாடி பெரிய புத்தகமே எழுதினவரு. அந்த முயற்சி கைகூடல. 1907 வாக்குல அவலாஞ்சியில ஹென்றி வில்சன்ங்கறவரு குஞ்சு பொரிப்பகம் கட்டினதுக்குப் பிறகுதான் நீலகிரி ஓடைகள்ல வானவில் டிரவுட் நிலைச்சுது. லைசென்சு வாங்கி, ஃப்ளை வீசி, டிரவுட் பிடிக்கற பழக்கம் ஊட்டியில அப்படித்தான் வந்துச்சு. அது வந்த மீன். அதோட கதை வேற.

இன்னொரு வழி, இங்கயே இருந்த மீனைத் தேடறது. அந்த மீன்தான் மகசீர். தமிழ்ல பூமீன் கெண்டைன்னு பேரு உண்டு. எங்க பக்கம் பெருசுங்க வெறும் "கெண்டை"ன்னே சொல்லுவாங்க. பித்தளைத் தட்டு மாதிரி பெரிய பெரிய செதில். தடிச்ச உதடு. வாய்ல பல்லே கிடையாது, ஆனா தொண்டைக்குள்ள இருக்கு. நண்டு, நத்தை, கரையோர மரத்துலருந்து விழற பழம், குட்டி மீன்னு எது போனாலும் அங்க வச்சு நசுக்கிடும். இரும்பு முள்ளைக்கூட வளைச்சிடும்னு சொல்றது கதையில்லை. அருவி இறங்கற இடத்துக்குக் கீழே, பாறைச் சந்துல, இழுத்து ஓடற தண்ணியில எதிர்த்து நிக்கற மீன் இது.

ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒரு துரை. மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்தவரு. தென் கன்னடத்துல கலெக்டர் வேலை பாத்தாரு. 1873ல மங்களூர்ல "தி ராடு இன் இந்தியா"ன்னு ஒரு புத்தகம் போட்டாரு. இந்தியாவுல தூண்டில் போடறவங்களுக்கு அது பல தலைமுறைக்குப் பஞ்சாங்கம் மாதிரி. சால்மன் மீன்தான் உலகத்துலயே வீரன்னு நம்பிட்டிருந்த ஊர்க்காரங்ககிட்ட, அதே அளவு மகசீர் சால்மனை விட நல்லா சண்டை போடும்னு எழுதினாரு. சாதாரண பேச்சில்லைங்க அது. நம்ம ஊர் காளை உங்க ஊர்க் குதிரையை ஜெயிக்கும்னு வெள்ளைக்காரனே வெள்ளைக்காரன்கிட்ட சொன்ன மாதிரி.

தாமஸ் வெறும் பொழுதுபோக்குக்காரர் இல்லை. ஆத்துல மீன் குறையுதுங்கறதை அன்னிக்கே கவனிச்சவரு. குஞ்சு மீன் வரைக்கும் வழிச்சு எடுக்கற சின்னக் கண்ணி வலை, தண்ணியில காக்காய்க்கொல்லி மாதிரி விசம் கலக்கறது, இதையெல்லாம் நிறுத்தணும்னு சொன்னாரு. அதே 1873லதான் பிரான்சிஸ் டேயும் இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பத்தி அரசாங்கத்துக்கு அறிக்கை குடுத்தாரு. இந்தப் பேச்செல்லாம் சேர்ந்து 1897ல இந்திய மீன்வளச் சட்டம் வந்துச்சு. ஆத்துல வெடி போட்டாலும் விசம் கலந்தாலும் குத்தம். ரெண்டு மாசம் ஜெயில், இல்லைன்னா 200 ரூவா அபராதம்.

இதைப் படிக்கறப்ப எனக்குக் கொஞ்சம் உறுத்தலாத்தான் இருந்துச்சு. ஏன்னு சொல்றேன்.

1978ஆ 79ஆ, சரியா ஞாபகம் இல்லை. எனக்குப் பத்து வயசு. எங்க மாமா ஒருத்தரு கெணறு வெட்டறதுக்கு வாங்கின தோட்டாவுல ரெண்டு மிச்சம் வச்சிருந்தாரு. கெணத்துப் பாறைக்கு வெடி வைக்கற காலம் அது. எல்லார் வீட்லயும் தோட்டா புழங்கும். என்னையும் கூட்டிக்கிட்டு விடிய முன்னாடி பவானி ஆத்துக்குப் போனாரு. மடுவுல போட்டாரு. டொம்முன்னு பெருசா சத்தம் வரும்னு நெனச்சேன். அப்படி வரல. காலுக்கு அடியில மண்ணு ஒரு தடவை குலுங்குச்சு, தண்ணி குமிழ் விட்டு வெள்ளையா பொங்குச்சு. அவ்வளவுதான். பிறகு மீனு மல்லாக்க மல்லாக்க மிதந்துச்சு. துண்டுல அள்ளினோம். மிதந்தது பாதி, அடியில போனது அதைவிட ஜாஸ்தின்னு மாமாவே சொன்னாரு. அதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். "ஆமை திங்கும்"னாரு.

அந்தத் துண்டுல ஒரு மீன் மட்டும் தனியா ஞாபகம் இருக்கு. என் கை நீளம். செதில் ஒவ்வொண்ணும் நாலணா அளவுக்கு. வெயில்ல தங்கக் கலரா மின்னுச்சு. அது என்ன மீன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுதியாத் தெரியாது. அப்படி ஒரு மீனை அதுக்கப்புறம் எங்க ஆத்துல நான் பாத்ததும் இல்லை.

அதே காலத்துலதான், எங்களுக்கு வடக்கே, கர்நாடகாக் காட்டுக்குள்ள ஓடற காவிரியில மூணு இங்கிலாந்துக்காரங்க முகாம் போட்டிருந்தாங்க. டிரான்ஸ் வேர்ல்டு ஃபிஷிங் டீம்னு தங்களுக்குப் பேரு வச்சிருந்தாங்க. துரைமாரு போனதுக்கப்புறம் மகசீர் கதை முடிஞ்சுபோச்சுன்னு வெளிநாட்ல நம்பிட்டிருந்தாங்க. தூண்டில்ல பிடிச்சதுலயே பெரிய மகசீர் 1946ல கபினி ஆத்துல மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் பிடிச்சது. புலியைப் பாடம் பண்ற அந்தப் பேர்பெற்ற குடும்பமேதான். 120 பவுண்டு, நம்ம கணக்குக்கு 54 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டைக்கும் மேல. அதோட சரி, பேச்சே இல்லை. இந்த மூணு பேரும் வந்து 92 பவுண்டு வரைக்கும் பிடிச்சுக் காட்டினப்புறம்தான், காவிரியில அந்த மீன் இன்னும் உசிரோட இருக்குன்னு வெளி உலகத்துக்குத் தெரிஞ்சுது.

கவனிங்க, இது வேற மகசீர். முதுகுல மாட்டுத் திமில் மாதிரி கூனல் எழும்பி இருக்கும். காவிரியிலயும் அதுல வந்து சேர்ற ஆறுகள்லயும் மட்டுமே வாழறது. உலகத்துல வேற எங்கயும் கிடையாது. நான் அதைத் திமில் கெண்டைன்னே சொல்லிக்கறேன்.

ஆனா இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போது ஒண்ணு எனக்குக் குறுகுறுன்னே இருந்துச்சு. பிடிச்சவரு பேரு இருக்கு, எடை இருக்கு, ஆறு பேரு இருக்கு. மீனு எந்த மடுவுல நிக்குதுன்னு காட்டினவன் பேரு எங்க?

போன மாசி மாசம் ராகி விதைக்காக ஒகேனக்கல் பக்கம் போயிருந்தேன். அங்க ஒருத்தரைப் பாத்தேன். வயசு எழுபதுக்கு மேல. இளமையில கர்நாடகா பக்கத்துல தூண்டில் முகாம் ஒண்ணுல கைடா வேலை பாத்தவரு. தமிழும் கன்னடமும் கலந்து பேசறாரு. பேரைப் போட வேண்டாம்னுட்டாரு. "முகாமுக்குப் போறதுக்கு முன்னாடி என்னங்கண்ணா பண்ணிட்டிருந்தீங்க?"ன்னு கேட்டேன். பொக்கை வாயோட சிரிச்சாரு. "உங்க மாமன் பண்ணதைத்தான்"னாரு. எங்க மாமா கதையை அதுக்கு முன்னாடிதான் சொல்லியிருந்தேன்.

அந்த முகாம்களோட சூட்சுமமே அதுதான். 1972ல பெங்களூர்ல தென்னிந்திய வனவிலங்குச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஆத்துல ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டாங்க. பின்னாடி கர்நாடக அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களின்னு காவிரிக் கரையில முகாம் நடத்துச்சு. வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கி, காசு குடுத்து, மீனைப் பிடிச்சு, எடை பாத்து, திரும்பத் தண்ணியிலயே விடணும். கைடு வேலைக்கு அந்தக் கரையோர ஊர்க்காரங்களையே எடுத்தாங்க. அதுல பல பேரு அதுவரைக்கும் வலையும் வெடியும் வச்சுத் திருட்டுத்தனமா மீன் பிடிச்சவங்க. ஆத்தை அவங்களை விட யாருக்குத் தெரியும்?

அந்த அண்ணா சொன்னதுல பாதி எனக்கு விவசாயப் பாடமாவே இருந்துச்சு. மேல இருக்கற அணையில தண்ணி தொறந்தா எத்தனை மணி நேரத்துல இங்க வரும்னு பாறையில இருக்கற பாசிக் கோட்டை வச்சே சொல்லுவாராம். தண்ணி ஏறும்போது மீன் எந்த ஓரம் வரும், வத்தும்போது எந்தக் குழிக்குப் போகும்னு தனித்தனிக் கணக்கு. இரைக்கு ராகி மாவுதான். தண்ணி விட்டுப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, வேக வச்சு, முள்ளைச் சுத்தி அப்பணும். சில பேரு மசாலா சேப்பாங்களாம். என்ன மசாலான்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடறாரு. ஓய்வு பெத்து இத்தனை வருசம் ஆச்சு, இன்னும் தொழில் ரகசியம்!

"ஃப்ளை போட்டாங்களாண்ணா?"ன்னேன். "இறகு தானே? போடுவாங்க. சின்ன மீன், நடுத்தர மீன் வரும். தண்ணி கண்ணாடியா இருக்கணும். பெருசு அடியில கெடக்கும், அதுக்கு எதுக்கு இறகு? களிதான்"னாரு. தாமஸ் துரையோட புத்தகத்துல ஃப்ளைக்கும் இடம் உண்டு, மாவு உருண்டைக்கும் இடம் உண்டு. இன்னிக்கு இமயமலைப் பக்கம் ராம்கங்கா மாதிரி ஆறுகள்ல பொன்னிற மகசீருக்கு கைடு வச்சு ஃப்ளை வீசறவங்க நிறைய. காவிரியோட பெருமை ராகிக் களியில வந்தது. எனக்கு அதுல ஒரு தனி சந்தோசம். நானும் ராகி போடறவன்.

மீன் மாட்டினா ரெண்டு மணி நேரம் கூட ஆகுமாம். நரம்பு பாறையில சிக்கும். அப்ப பரிசலை எடுத்துட்டுக் கைடு அருவிக்குள்ள போகணும். துரை கரையில நிப்பாரு. "படத்துல மீனை அவரு புடிச்சிருப்பாரு. வாலை நான் புடிச்சிருப்பேன். ஊருக்குப் போய் படத்தை வெட்டி மாட்டுவாங்க"ன்னாரு. கோவமா சொல்லல. வெயில் அடிக்குதுன்னு சொல்ற மாதிரி சொன்னாரு.

ஆனா அந்த முகாம்கள்ல ஒரு நல்ல பழக்கம் இருந்துச்சு. எழுதி வைக்கறது. இன்னிக்கு எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டோம், என்ன மீன், என்ன எடை. பிடிக்காத நாளையும் எழுதணும். எங்க அப்பாரு மழைக் கணக்கு அப்படித்தான் எழுதுவாரு. பெய்யாத மாசத்துக்கும் தேதி போட்டு சைபர் போடுவாரு. அவருக்கப்புறம் நான் எழுதறேன். அந்த சைபருக்கு எவ்வளவு மதிப்புன்னு எனக்குத் தெரியும்.

இப்ப கதையோட முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

1970கள்ல, மகசீர் குறையுதேன்னு கவலைப்பட்டு, மகாராஷ்டிராவுல லோனாவாலாகிட்ட டாட்டா நீர்மின் நிறுவனத்துக்காரங்க குஞ்சு பொரிப்பகம் வச்சாங்க. அங்க வளத்தது நீலத் துடுப்பு மகசீர். கிருஷ்ணா ஆத்துப் பக்கத்து மீன். 1839ல சைக்ஸ்ங்கற வெள்ளைக்காரரு புனே பக்கத்து மீனை வச்சுப் பேரு குடுத்த இனம். அந்தக் குஞ்சுகளைப் பல மாநிலத்துக்கும் குடுத்தாங்க. காவிரியிலயும் விட்டாங்க. நல்ல எண்ணம்தான், அதுல சந்தேகமே இல்லை. மகசீர் குறையுது, மகசீர் விடறோம்ங்கற கணக்கு. ரெண்டு மகசீரும் வேற வேறங்கறதை அப்ப யாரும் பெருசா எடுத்துக்கல.

விட்டது நல்லா வளர்ந்துச்சு. தூண்டில்காரங்களுக்கு மீன் மேல மீன் மாட்டுச்சு. காவிரி பொழைச்சுக்கிச்சுன்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க.

2012ல முகாம்கள்ல தூண்டில் போடறதை நிறுத்திட்டாங்க. அந்தப் பகுதி வனவிலங்கு சரணாலயம். சரணாலயத்துக்குள்ள மீனைப் பிடிச்சு விடறதும் வேட்டைதான்னு சட்டம் பாத்தது. பிறகு ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன்னு ஆராய்ச்சியாளர்கள் கலிபோரே முகாமோட பழைய நோட்டுகளை எடுத்து உக்காந்தாங்க. 1998லருந்து 2012 வரைக்கும். 23,000 மணி நேரத்துக்கு மேல தூண்டில் போட்டு, 6,000 மகசீருக்கு மேல பிடிச்சு விட்ட கணக்கு. மொத்தமாப் பாத்தா மீன் கூடித்தான் இருந்துச்சு. பிரிச்சுப் பாத்தாத்தான் வண்டவாளம் தெரிஞ்சுது. கூடினது எல்லாம் நீலத் துடுப்பு. திமில் கெண்டை வருசா வருசம் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு.

அதுலயும் ஒரு விசயத்தைப் படிச்சிட்டு நான் நோட்டை மூடி வச்சிட்டு வெளிய போயிட்டேன். மாட்டின திமில் கெண்டையோட எண்ணிக்கை குறையக் குறைய, ஒவ்வொண்ணோட எடை கூடிக்கிட்டே போயிருக்கு. பெரிய மீன் கிடைச்சா தூண்டில்காரனுக்குக் கொண்டாட்டம். நிஜத்துல என்ன அர்த்தம்னா, குட்டியே வரல. இருக்கறது எல்லாம் கிழடு. எங்க ஊர்ல போய்ப் பாருங்க, அதேதான். திண்ணைக்குத் திண்ணை அறுபது, எழுபது வயசு. இளவட்டம் எல்லாம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போயாச்சு. பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புக்கு மூணு பேரு. வெளியூர்லருந்து வந்து பாக்கறவங்க, "உங்க ஊர்ல எல்லாரும் நல்ல ஆயுசா இருக்காங்க"ம்பாங்க.

இன்னொரு கொடுமை கேளுங்க. நூத்தம்பது வருசமா புத்தகத்துல வந்த மீனு, உலகமே தேடி வந்த மீனு, அதுக்கு அறிவியல் பேரு எதுன்னே உறுதியா இல்லாம இருந்துச்சு. பேரு இல்லாத உசுரை அழியற பட்டியல்ல சேர்க்கறது சுலபமில்லை. நிலம் இருக்கும், பட்டா இருக்காது. அப்படி. காவிரியில சோதிக்க மீனே கிடைக்காத நிலைமை. கடைசியில மீன் கிடைச்சது எங்க தெரியுமா? மோயாத்துல!

மோயாறு எங்க ஆத்தோட உசுருங்க. நீலகிரி மேல பைக்காராவாப் பொறந்து, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவுல மலையைப் பிளந்துக்கிட்டு இறங்கி, தெங்குமரஹாடா வழியா வந்து, பவானிசாகர் அணையில பவானியோட சேருது. அந்த அணை தண்ணியிலதான் எங்க நெல்லும் மஞ்சளும். ஒரே தண்ணியோட உச்சியில வந்த மீன் டிரவுட்டுக்கு குஞ்சுப் பண்ணையும் லைசென்சும் இருந்துச்சு. அடிவாரத்துப் பள்ளத்துல இந்த ஆத்தோட சொந்த மீனு பேரு கூட இல்லாம ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

அந்த மோயாத்து மீனை வச்சு 2018ல முடிவா சொன்னாங்க. கேரளத்துல பாம்பாத்துல கிடைச்ச ஒரு மகசீருக்கு ஏற்கெனவே டோர் ரமாதேவின்னு பேரு குடுத்திருந்தாங்க. பாம்பாறு நம்ம அமராவதிக்கு வர்ற தண்ணி, அமராவதி காவிரிக்கு. திமில் கெண்டையும் அதுவும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துல மீன் ஆராய்ச்சி பண்ணின கே. ரமாதேவி அம்மாவோட பேரு அது. அந்த வருசமே மிக ஆபத்தான நிலைமையில இருக்கற இனம்னு உலகப் பட்டியல்ல சேர்த்தாங்க. பட்டா கைக்கு வந்த அன்னிக்கே ஜப்தி நோட்டீசும் வந்த மாதிரி.

முகாமை மூடினது சரியா தப்பான்னு கேட்டா, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. வாயில முள்ளு குத்தி ரெண்டு மணி நேரம் இழுத்து, படம் எடுத்து விடறது என்ன கருணைன்னு கேக்கறவங்களை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். சிருங்கேரியில துங்கா ஆத்துப் படித்துறையில மகசீர் கூட்டம் கூட்டமா நிக்கும். காவிரியிலயே ராமநாதபுராங்கற கோயில் ஊர்லயும் உண்டு. யாரும் முள்ளு போடறதில்லை. பொரிதான் போடறாங்க. மீன் இருக்கு. ஆனா கோயில் இருக்கற நூறு அடிக்குத்தான் சாமி காவல். மிச்ச ஆத்துக்கு யாரு? தூண்டில்காரங்க வந்துபோன வரைக்கும் கரையில கைடுங்க இருந்தாங்க, வெடிக்காரன் பயந்தான், இவங்களை அனுப்பினது மீனுக்கு நல்லதில்லைன்னு 2013ல அதே பிண்டரும் ராகவனும் கரண்ட் சயின்ஸ் இதழ்ல வாதாடியிருக்காங்க. என் புத்திக்கு, தூண்டிலை நிறுத்தினதுல எனக்கு வருத்தமில்லை. அந்த அண்ணா மாதிரி ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பினதுலதான் வருத்தம். தூண்டில் இல்லாட்டியும் நோட்டு எழுதச் சொல்லி, ஆத்தைப் பாத்துக்கச் சொல்லிச் சம்பளம் குடுத்திருக்கலாம். வெள்ளைக்காரன் காசு குடுத்தாத்தான் அவங்க அறிவுக்கு விலைன்னு ஆயிடுச்சு.

"முகாம் மூடுனப்ப என்னண்ணா பண்ணீங்க?"ன்னு அவருகிட்ட கேட்டேன். "ஆடு மேய்ச்சேன்"னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ராத்திரியில சத்தம் கேக்கும். டொம்முன்னு இல்ல. மண்ணு குலுங்கும், அப்படி"ன்னாரு. எனக்கு அந்தக் குலுக்கல் தெரியும். நான் ஒண்ணும் பேசல.

எங்க மாமா இப்ப இல்லை. அவரைக் குத்தம் சொல்லவும் எனக்கு வாய் வரல. 1897லயே சட்டம் இருந்துச்சுன்னு அவருக்கும் தெரியாது, எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பாருன்னு வைங்க. அன்னிக்கு வீட்ல மூணு நாளைக்கு மீன் கொழம்பு. நானும் சப்புக்கொட்டித்தான் தின்னேன். அந்தத் தங்கக் கலர் மீனும் அதுலதான் வெந்துச்சு.

போன வாரம் பவானிசாகர் சந்தைக்குப் போனப்ப, முன்னாடி மோயாத்துல பரிசல் ஓட்டின ஒரு பெரியவரைப் பாத்தேன். போன்ல இருந்த திமில் கெண்டை படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்ட வச்சு, தூர வச்சு, பாத்தாரு. "இது இருக்குதுங்க. மேல, காட்டுக்குள்ள, மடுவுல. பரிசலுக்கு அடியில போகும். எருமக்கன்னு போற மாதிரி இருக்கும்"னாரு. "கடைசியா எப்பங்க பாத்தீங்க?"ன்னேன். விரலை மடக்கி மடக்கி எண்ணினாரு. பேத்தி கல்யாணத்துக்கு முந்தின வருசம்னாரு. பேத்திக்கு இப்ப எத்தனை வயசுன்னு நான் கேட்டுக்கிட்டு இருக்கறப்பவே பஸ் வந்துருச்சு, ஏறிட்டாரு.

வீட்டுக்கு வந்து மழை நோட்டை எடுத்து, பின்பக்கம் புதுசா கோடு போட்டேன். தேதி, இடம், எத்தனை நேரம், என்ன மீன். முதல் வரியில அந்தப் பெங்களூர்த் தம்பி கணக்கை எழுதினேன். மார்கழி, தடப்பள்ளி வாய்க்கால், ஃப்ளை, ரெண்டு மணி நேரம், ஜிலேபி ஒண்ணு, விட்டாச்சு. நம்ம மீன்ங்கற கட்டத்துல சைபர்.

அந்தத் தம்பி பங்குனியில மறுபடியும் வர்றேன்னு மெசேஜ் அனுப்பியிருக்காரு. குச்சியைக் கொண்டு வந்தாலும் சரி, கொண்டு வராட்டியும் சரி, ஒகேனக்கல் அண்ணாகிட்ட ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். மசாலா ரகசியத்தை அவராவது கேட்டு வாங்கறாரான்னு பாப்போம்.